“நாளைக்கு வாங்க” என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை

காணாமல் போகும் குழந்தைகள், அவர்களைத் தேடும் முறை, காவல் துறையின் கடமை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும். சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருடைய பெயரையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் அக்கா மகனுக்கு 9 வயது. சாயங்காலம் கடைக்குப் போனவன் திரும்பவில்லை. ராத்திரி எட்டரைக்குக் காவல் நிலையம் போனோம். “சொந்தக்காரங்க வீட்ல எல்லாம் பாருங்க, வரலைன்னா நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். விடியற்காலையில் பையன் கிடைத்துவிட்டான். ஆனாலும் கேட்கிறேன்: 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்களா?

பையன் வந்து சேர்ந்தது பெரிய ஆறுதல். ஆனால் அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது. 18 வயது நிறையாத யார் காணாமல் போனாலும் தகவல் வந்த உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 10 அன்று உத்தரவிட்டது. பச்பன் பச்சாவ் ஆந்தோலன் என்ற அமைப்பு தொடுத்த வழக்கு அது. 2016ஆம் ஆண்டு இளைஞர் நீதி மாதிரி விதிகளும் (92ஆம் விதி) அதையே சொல்கின்றன.

நடைமுறையில் மூன்று இடங்களில் சறுக்குகிறது.

ஒன்று, எஃப்.ஐ.ஆருக்குப் பதிலாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவது. அது மனு வந்ததற்கான சீட்டு மட்டுமே. அதை வைத்து யாரும் பக்கத்து மாவட்டத்தில் தேட மாட்டார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும்.

இரண்டு, எஃப்.ஐ.ஆரில் சட்டப் பிரிவு எழுதும் இடத்தில் ‘சிறுவன் காணவில்லை’, ‘சிறுமி காணவில்லை’ என்று மட்டும் இருப்பது. நம் மாநிலத்தில் இது பழகிப்போன வழக்கம். ஆனால் ‘காணவில்லை’ என்பது குற்றப் பிரிவு அல்ல. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137(2), அதாவது கடத்தல், சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பையன் என்றால் 16 வயதுக்குள், பெண் என்றால் 18 வயதுக்குள் என்று வித்தியாசம் இருந்தது. புதிய சட்டத்தில் இருவருக்கும் 18தான்.

மூன்றாவது புதிது. “14 நாள் ஆரம்ப விசாரணை செய்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர்.” என்று சில இடங்களில் சொல்கிறார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)இல் அப்படி ஒரு வசதி இருப்பது உண்மை. ஆனால் அது மூன்று ஆண்டு முதல் ‘ஏழு ஆண்டுக்குக் குறைவான’ தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும். கடத்தலுக்குத் தண்டனை ஏழு ஆண்டு வரை என்பதால் அந்த வசதி இங்கே பொருந்தாது. பிரிவு எண்ணோடு சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும்.

அதற்கும் மறுத்தால் அங்கேயே உட்கார்ந்து வாதாடி நேரத்தை இழக்க வேண்டாம். ஒருவர் ஸ்டேஷனில் இருக்கட்டும். இன்னொருவர் அவசர உதவி எண் 112க்கும் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைத்து, நேரத்தையும் பேசியவர் சொன்ன பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளட்டும். புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். அதே நடைமுறைச் சட்டத்தின் 173(4) அதற்கு வழி தருகிறது. அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு. ஒவ்வொரு நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத ஒருவர் ‘குழந்தைகள் நலக் காவல் அலுவலர்’ ஆக இருக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டம் 107ஆம் பிரிவு. “அவர் யார்?” என்று பெயரைக் கேட்டு அவரிடமே பேசுங்கள்.

கேள்வி: புகாரில் என்னென்ன எழுத வேண்டும்? “மாநிறம், சுமாரான உயரம்” என்றுதான் எல்லாச் சுவரொட்டியிலும் இருக்கிறது.

நீங்கள் தொட்டிருப்பதுதான் மையமான சிக்கல். காணாமல் போன குழந்தையைக் கண்டுபிடிப்பது என்பது, பெரும்பாலும், இரண்டு பட்டியல்களைச் சேர்த்துப் பார்க்கும் வேலை. ஒரு பக்கம் காவல் நிலையங்கள் ‘காணவில்லை’ என்று பதிவது. இன்னொரு பக்கம் குழந்தைகள் இல்லங்களும் மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழுக்களும் ‘கிடைத்தது’ என்று பதிவது. மத்திய அரசின் டிராக் சைல்ட் இணையதளமும் இப்போதுள்ள மிஷன் வாத்சல்யா தளமும் இதற்காகத்தான். குழந்தை ஏதோ ஓர் இல்லத்தில் பத்திரமாக இருந்தும் வீடு சேராமல் இருப்பதற்குக் காரணம் பல நேரம் இந்த இரண்டு பதிவும் ஒன்றையொன்று அடையாளம் காணாததுதான். ஒரு பக்கம் ‘கார்த்தி, 8’, மறுபக்கம் ‘காத்தி, சுமார் 6’ என்று இருந்தால் கணினி என்ன செய்யும்?

அதனால் எழுதும்போது, முகம் பார்க்காத ஒருவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதுங்கள்.

உயரத்தை சென்டிமீட்டரில் எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டு நிலைப்படியிலோ மேசையிலோ குழந்தை எதுவரை வருவான் என்று பார்த்து அளந்து எழுதலாம். அங்க அடையாளத்தில் ‘இடது தோளில் ஊசித் தழும்பு’ என்று எழுதாதீர்கள். அது பிறந்ததும் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு, ஊரில் உள்ள எல்லாக் குழந்தைக்கும் உண்டு. ‘வலது புருவத்தின் வெளி ஓரத்தில் இரண்டு தையல் போட்ட தழும்பு’, ‘மேல் முன்பல் ஒன்று பாதி உடைந்தது’, ‘இடது காதுக்குப் பின்னால் மிளகு அளவு மச்சம்’ என்பவைதான் பயன்படும். குழந்தை தன்னை என்ன பெயரில் சொல்லும் என்பது மிக முக்கியம். ஆதாரில் ஜெயப்பிரகாஷ் என்று இருக்கும், குழந்தை வாயில் ‘அப்பு’ என்றுதான் வரும். அம்மா பெயர் கேட்டால் ‘அம்மா’ என்றும், ஊர் கேட்டால் ‘ஆயா வீடு’ என்றும் சொல்லும். இந்தச் செல்லப் பெயர்களை எல்லாம் புகாரில் எழுதுங்கள். திக்கல், காது கேட்பதில் குறை, இன்ஹேலர், வலிப்பு மாத்திரை இருந்தால் அவையும்.

உடையில் நிறம் மட்டும் போதாது. சட்டைக் காலருக்குள் தையல்கடையின் பெயர்த்துணி இருந்தால் கடை பெயரும் ஊரும் எழுதுங்கள். இல்லத்தில் இருப்பவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.

படம் மூன்று கொடுங்கள்: நேராக முகம், முழு உருவம், பல் தெரியச் சிரிக்கும் படம். ஸ்டூடியோவில் முகத்தை வெளுப்பாக்கிய பிறந்தநாள் படம் வேண்டாம். முகத்தை ஒப்பிடும் மென்பொருளுக்கும் மனிதக் கண்ணுக்கும் அது இடைஞ்சல். போனில் எடுத்த படம் என்றால், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கித் தெளிவு போய்விடும்.

கேள்வி: முதல் ஒரு மணி நேரத்தில் வீட்டார் செய்ய வேண்டியது என்ன?

வீட்டுக்குள்தான் முதலில். சின்னக் குழந்தை என்றால் கட்டில் அடி, பீரோ, மாடித் தண்ணீர்த் தொட்டி, சம்ப் மூடி, கிணறு. நிறுத்தி வைத்திருக்கும் ஒவ்வொரு காரையும், பக்கத்து வீட்டுக் கார் உட்பட, திறந்து பாருங்கள். பூட்டிய காருக்குள் மாட்டிக்கொண்ட குழந்தைக்கு வெயிலில் சில நிமிடங்களே பெரிய ஆபத்து. ஆட்டிசம் உள்ள குழந்தை என்றால் குளம், வாய்க்கால், கிணறு இருக்கும் திசைக்கு முதல் ஆளை ஓட விடுங்கள். அந்தக் குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது என்பதால் கண்ணால்தான் தேட வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்போதே ஒருவர் 112க்கு அழைக்க வேண்டும். தேடி முடித்த பிறகு அழைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

கேமரா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைகளில் உள்ள பதிவுப் பெட்டிகள் இடம் நிறைந்ததும் பழையதை அழித்து எழுதும். சில கடைகளில் ஒரு மாதம் இருக்கும், சிலவற்றில் ஒரு வாரம்கூட இருக்காது. கடைக்காரரிடம் “அழியாமல் பிரதி எடுத்து வையுங்கள்” என்று அன்றே கேளுங்கள். காவல் அலுவலரிடமும் எந்தெந்தக் கடை என்று பட்டியல் கொடுங்கள். இன்னொன்று, அந்தப் பெட்டியின் கடிகாரம் பெரும்பாலும் சரியாக இருக்காது. திரையில் 5.40 என்று இருக்கும்போது உங்கள் போனில் மணி என்ன என்று சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிட வித்தியாசத்தைக் கவனிக்காமல் தவறான பேருந்தைத் துரத்தினால் ஒரு நாளே போய்விடும்.

குழந்தையிடம் போன் இருந்தால் பதறிப்போய் சிம்மை முடக்காதீர்கள், மாற்று சிம் வாங்காதீர்கள். அது உயிரோடு இருந்தால்தான் கோபுர இருப்பிடம் கிடைக்கும். ரீசார்ஜ் முடியப்போகிறதா என்றும் பாருங்கள். போன் வாங்கிய அட்டைப்பெட்டியில் உள்ள 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் புகாரில் சேருங்கள். வீட்டுக் கணினியில் குழந்தையின் கணக்கு திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். தலையணை உறை, கடைசியாகக் கழற்றிப் போட்ட உடை இரண்டையும் துவைக்காமல் சுத்தமான உறையில் எடுத்து வையுங்கள். மோப்ப நாய்க்கு வேண்டும். சீப்பும் பல்துலக்கியும்கூட அப்படியே இருக்கட்டும்.

ரயில் நிலையம் பக்கம் என்றால் ரயில்வே உதவி எண் 139க்கும் அழையுங்கள்.

கேள்வி: 16 வயது மகள் ஒரு பையனோடு போயிருக்கிறாள். புகார் கொடுத்தால் பெயர் கெடும் என்கிறார் கணவர்.

கொடுங்கள். விருப்பப்பட்டுப் போனாளா, ஏமாற்றி அழைத்துப் போனார்களா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. சட்டத்தின் முன் அவள் குழந்தை. உங்கள் பயத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது: பாதுகாப்பு தேவைப்படும், பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கண்டுபிடித்த பிறகு அவள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தப்படுவாள். நடுவரிடம் வாக்குமூலம் கொடுக்க நேரலாம். வீட்டுக்கு வரப் பயப்படுகிறாள் என்றால் குழு அவளை இல்லத்தில் தங்க வைக்கும். அதை உங்களுக்கு எதிரான தண்டனையாக நினைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அவசரமாக யாருக்காவது கட்டிக்கொடுத்து விஷயத்தை முடிக்கப் பார்ப்பது. 18 ஆகாமல் அது குழந்தைத் திருமணம், அடுத்த வழக்கு உங்கள் மேல் வரும்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒடிசாவில் இருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அவர்கள் குழந்தை காணாமல் போனால் மொழியும் தெரியாது, முகவரிச் சான்றும் இருக்காது. எப்படி உதவுவது?

எஃப்.ஐ.ஆர். பதிய முகவரிச் சான்று, ஆதார் எதுவும் நிபந்தனை அல்ல. குழந்தை வேறு ஊரில், ரயிலில் தொலைந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம்.

நீங்கள் கூடப் போய் மொழிபெயர்த்தாலே பாதி வேலை முடிந்தது. பெயரைத் தாய் மொழி எழுத்திலும் ஒரு முறை எழுதச் செய்யுங்கள். தமிழ் வழியாக ஆங்கிலத்துக்குப் போகும்போது பெயர் உருமாறிவிடும். ‘ஒடியா பேசுவான்’ என்பதோடு நிறுத்தாமல் மேற்கு ஒடிசாவின் சம்பல்புரி பேசுவானா என்று கேட்டு எழுதுங்கள். சொந்த ஊரின் காவல் நிலையம், அருகில் உள்ள ரயில் நிலையம் இரண்டும் இருக்கட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. வேலைக்காக அந்தக் குடும்பம் மூன்று மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விடும், புகாரில் உள்ள போன் எண் செத்துப்போகும், குழந்தை கிடைத்தாலும் சொல்ல ஆள் இருக்காது. உங்கள் எண்ணையோ ஊரில் உள்ள நிலையான ஓர் எண்ணையோ சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: பேருந்து நிலையத்தில் தனியாக அழும் குழந்தையைப் பார்த்தால் நாம் என்ன செய்வது? நம் மேலேயே சந்தேகம் வருமே?

1098க்கு அழையுங்கள், அல்லது பக்கத்துக் காவல் உதவி மையத்தில் ஒப்படையுங்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் நேரிலேயே அழைத்துப் போகவும் சட்டம் பொதுமக்களுக்கு இடம் தருகிறது. 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், தராமல் வைத்துக்கொண்டால் இளைஞர் நீதிச் சட்டம் 34ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம். அதனால் “ராத்திரி நம்ம வீட்ல தூங்கட்டும், காலைல பாக்கலாம்” என்ற நல்லெண்ணம் வேண்டாம். “எனக்கு இவங்க அப்பாவைத் தெரியும், நான் கொண்டு விடறேன்” என்று வருபவரிடமும் கொடுக்காதீர்கள்.

குழந்தையைக் கைப்பிடித்து அங்கிருந்து நகர்த்தாமல், பார்த்த இடத்திலேயே இரண்டு மூன்று பேரைக் கூட வைத்துக்கொண்டு அழைத்தால் சந்தேகத்துக்கும் இடமில்லை, தேடி வரும் தாயும் அங்கேதான் வருவாள். முகவரி சொல்லத் தெரியாத குழந்தையிடம் முகவரி கேட்டுப் பயனில்லை. பள்ளிக்குப் போகும் வண்டி என்ன நிறம், வீட்டுப் பக்கத்தில் கோயிலா மசூதியா கடலா, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ‘காணவில்லை’ செய்திகளைப் பகிரலாமா?

எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், காணாமல் போன தேதி மூன்றும் இருந்தால் பகிரலாம். தேதி இல்லாத படம் ஐந்து வருடமாகச் சுற்றும். குழந்தை வீடு சேர்ந்து, வளர்ந்து, கல்லூரி போன பிறகும் முகம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: சொந்த எண்ணைப் போடாமல் நிலையத்தின் எண்ணைப் போடுங்கள். “பிள்ளை என்கிட்ட இருக்கு, வண்டிச் செலவுக்குப் பணம் அனுப்பு” என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி அழைப்பு வந்தால் பணம் அனுப்பாமல் எண்ணையும் நேரத்தையும் அலுவலரிடம் கொடுங்கள். குழந்தை கிடைத்த அன்றே எல்லாப் பதிவையும் நீக்குங்கள்.

‘பிள்ளை பிடிக்கும் கும்பல்’ காணொளிகளை மட்டும் எக்காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். 2018இல் இந்தியா முழுவதும் பரவிய, பைக்கில் வந்து குழந்தையைக் கடத்தும் காணொளி, கராச்சியில் விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். குழந்தையைத் திரும்ப இறக்கிவிட்டு அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அந்த மாதிரி வதந்திகளின் சூட்டில்தான் அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன ஒரு மூதாட்டியை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது.

கேள்வி: மகன் காணாமல் போய் ஆறு மாதம் ஆகிறது. “தேடிட்டுத்தான் இருக்கோம்” என்ற பதில் மட்டும்தான். இனி என்ன வழி?

முதலில் தேதியைக் கணக்கிடுங்கள். நான்கு மாதத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் வழக்கை ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. மாறியிருக்கிறதா என்று எஃப்.ஐ.ஆர். எண்ணைக் குறிப்பிட்டுக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கும் போயிருக்க வேண்டும். அங்கே நேரில் போனால் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். இலவச சட்ட உதவி எண் 15100க்கும் அழைக்கலாம். மிஷன் வாத்சல்யா தளத்தில் உங்கள் மகனின் பதிவைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். படம் ஏற்றப்படாமல், வயது தவறாக இருக்கும் பதிவுகளைத் திருத்தினாலே வழி பிறக்கலாம்.

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று பலர் சொல்வார்கள். யாரோ சட்ட விரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்ட ஏதாவது இருந்தால் அது வலுவான வழி. வெறும் ‘காணவில்லை’ என்றால் அந்த மனு நிற்பது கடினம், விசாரணையைத் துரிதப்படுத்தக் கேட்கும் மனுவே பொருத்தம். “கண்டுபிடிக்க முடியவில்லை” என்று வழக்கை முடித்து அறிவிப்பு வந்தால் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நடுவரிடம் ஆட்சேபணை மனு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆதாரும் ஒரு கதவு. இல்லத்தில் இருக்கும் குழந்தைக்குப் புதிதாக ஆதார் எடுக்கப் போகும்போது, “ஏற்கெனவே பதிவு உள்ளது” என்று விண்ணப்பம் திரும்பி வந்து, அந்த நூலைப் பிடித்துக் குடும்பத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் ஐந்து வயதுக்குள் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. 5 முதல் 7 வயதுக்குள்ளும், 15 முதல் 17 வயதுக்குள்ளும் கைரேகை புதுப்பிக்கக் கட்டணம் இல்லை. இதைப் படிக்கும் மற்ற பெற்றோர் இந்த வாரமே அந்த வேலையை முடிக்கலாம்.

கைக்குழந்தை என்றால் இன்னும் வேகம் வேண்டும். குழந்தைகள் நலக் குழுவிடம் வந்த, பெற்றோர் தெரியாத குழந்தையை, இரண்டு வயது வரை என்றால் இரண்டு மாதத்திலும், அதற்கு மேல் என்றால் நான்கு மாதத்திலும் தத்துக்கு உரியதாக அறிவிக்க இளைஞர் நீதிச் சட்டம் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. குழந்தை இல்லத்திலேயே வளர்ந்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கம் அது. ஆனால் தேடும் பெற்றோருக்கு அது ஓடும் கடிகாரம். உங்கள் மாவட்டக் குழு மட்டுமல்ல, சுற்றியுள்ள மாவட்டக் குழுக்களுக்கும் படத்தோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள். 1990களின் கடைசியில் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் திருடப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பெயரில் வெளிநாடு போனது 2005இல்தான் வெளியே வந்தது. அப்போது அந்தத் தாய்மாரின் புகார்களை யாராவது இல்லங்களின் பதிவேட்டோடு வைத்துப் பார்த்திருந்தால் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

கேள்வி: அமெரிக்காவின் ‘ஆம்பர் எச்சரிக்கை’ போல எல்லோர் போனிலும் ஒலிக்கும் ஏற்பாடு நமக்கு வேண்டாமா?

வேண்டும், அளவாக. 1996இல் டெக்சாஸில் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்டதை அடுத்துத் தொடங்கிய ஏற்பாடு அது. எல்லாக் காணாமல் போனதற்கும் அவர்கள் ஒலிப்பதில்லை. கடத்தல்தான் என்று காவல் துறைக்கு நம்பிக்கை வர வேண்டும், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்க வேண்டும், வண்டி எண், ஆள் அடையாளம் மாதிரி மக்கள் பார்த்துச் சொல்லக்கூடிய விவரம் கையில் இருக்க வேண்டும். தினமும் ஒலித்தால் மக்கள் அணைத்துவிடுவார்கள். புயல் எச்சரிக்கைக்காக 2023இல் நம் போன்களில் பீப் என்று ஒலித்துச் சோதித்தார்களே, அந்தச் செல் ஒலிபரப்புதான் இதற்கும் அடிப்படை. கருவி இருக்கிறது. எந்த அதிகாரி, எந்த நிபந்தனையில், எத்தனை நிமிடத்தில் பொத்தானை அழுத்தலாம் என்ற விதிதான் எழுதப்பட வேண்டும். கைக்குழந்தை திருட்டுக்கு இதை முதலில் தொடங்கலாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: கார்த்திகை தீபத்துக்குக் குழந்தைகளோடு திருவண்ணாமலை போகிறோம். காவலர்கள் கட்டிவிடும் கைப்பட்டை போதுமா?

கட்டாயம் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பட்டையில் உங்கள் எண்ணை மட்டும் எழுதினால், கூட்டத்தில் நெட்வொர்க் திணறும் நேரத்தில் அழைப்பு உங்களுக்கு வராமல் போகலாம். ஊரில் வீட்டிலேயே இருக்கும் ஒருவரின் எண்ணை இரண்டாவதாக எழுதுங்கள். நீங்கள் அவரை அழைத்தாலும் அவர்கள் அவரை அழைத்தாலும் செய்தி சேரும். வியர்வையில் மை அழியாமல் மேலே ஒட்டுநாடா ஒட்டுங்கள். குழந்தையின் பெயரை வெளிப்பக்கம் எழுத வேண்டாம், பெயர் தெரிந்தால் யார் கூப்பிட்டாலும் குழந்தை நம்பிப் போகும். விடுதியை விட்டுக் கிளம்பும் முன் அன்றைய உடையோடு, செருப்பும் தெரிய, ஒரு படம் எடுத்து வீட்டில் இருப்பவருக்கும் அனுப்பிவிட்டுப் போங்கள்.